அது எங்கட றோட்டு இல்லை

எங்கள் ஒழுங்கை பெரிய றோட்டில் ஏறுகிற முடக்கில் ஒரு லைற் போஸ்ற் நிற்கிறது. 2023 ஜூலையில் அதிலிருந்த விளக்கு பழுதாகத் தொடங்கியது. ஒரேயடியாகப் போகவில்லை. சில நாள் பகல் முழுக்க எரிந்துவிட்டு இரவில் அணைந்தது, சில நாள் மினுக்கி மினுக்கி ஆளைப் பேய்க்காட்டியது, கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை முற்றாக இருண்டது. ரியூசன் முடிந்து வரும் பிள்ளைகள் சைக்கிளைத் திருப்புகிற முடக்கு அது. ஊர் நாய்கள் படுக்கிற இடமும் அதுதான். கோயிலால் வந்த அம்மா கல்லில் தடக்கி, விழாமல் வேலியைப் பிடித்துத் தப்பினார். அன்றிரவு எனக்கு வேலை தரப்பட்டது. "நீதானே படிச்சனீ, போய் ஒருக்கா எழுதிக் குடுத்திட்டு வா."

படித்த நான் போனது பிழையான கந்தோருக்கு. பிரதேச செயலகத்துக்குப் போய், தெரு விளக்கு எரியவில்லை என்று கடிதத்தை நீட்டினேன். அங்கிருந்த பிள்ளை சிரிக்காமல், "இது சபை அலுவல், ஐயா" என்று திருப்பித் தந்தார். ஐயா என்றது விளக்கை விடக் கூடுதலாகச் சுட்டது, அது வேறு கதை.

இந்தப் பிழையை விடுவது நான் மட்டுமில்லை என்று பிறகு அறிந்தேன். இரண்டும் 'பிரதேச' என்று தொடங்குவதால் வந்த வினை. பிரதேச செயலகம் என்பது கொழும்பின் கை. விதானையார் என்கிற கிராம அலுவலர், அஸ்வெசும உதவிப் பணம், காணி அலுவல், பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் அங்கே. பிரதேச சபை என்பது நாங்கள் வாக்குப் போட்டு உண்டாக்குவது. குப்பை, தெரு விளக்கு, ஒழுங்கை, வாய்க்கால், சந்தை, நூலகம், சுடலை, கட்டட அனுமதி எல்லாம் இங்கே. சுருக்கமாகச் சொன்னால், ஆளைப் பற்றிய தாள் செயலகத்தில், ஆள் நடக்கிற நிலம் சபையில். யாழ்ப்பாண மாவட்டத்தில் இப்படி 17 உள்ளூராட்சி மன்றங்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்துக்கு மாநகர சபை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, சாவகச்சேரி மூன்றுக்கும் நகர சபை, மிச்சம் 13 உம் பிரதேச சபைகள். நெடுந்தீவுக்கும் தனியாக ஒன்று உண்டு.

அப்பாவுக்கு இன்னும் அது 'கிராமச் சங்கம்' தான். அந்தக் காலத்துக் கிராம சபைகளும் பட்டின சபைகளும் 1981 இல் இல்லாமல் போய் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. அந்தச் சபைகளுக்கான தேர்தல் நாள்களில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அந்த நூலகமே மாநகர சபையின் சொத்து என்பதை எத்தனை பேர் யோசித்திருப்போம் தெரியாது. ஒரு உள்ளூராட்சி மன்றம் ஊருக்குச் செய்த ஆகப் பெரிய வேலை அது. பிரதேச சபைகள் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தவை. சட்டம் வந்தது, ஆனால் இங்கே சண்டை நடந்தது, சபை நடக்கவில்லை.

சரி, விளக்குக்கு வருவோம். சபையின் உப அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர். கடிதத்தை வாங்கிப் பதிவு போட்டுவிட்டு, இன்னொரு கொப்பியை எடுத்தார். "அண்ணை, சோலை வரி கட்டினனீங்களோ?" வீட்டுக்கும் காணிக்கும் சபைக்குக் கட்டுகிற வரி அது. கட்டவில்லை. மூன்று வருடம் நிலுவை. தொகையைச் சொன்னபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, கூட என்பதால் இல்லை, நாலு பேர் ஒரு நேரம் கொத்துரொட்டி சாப்பிடுகிற காசு. அதைக் கட்டாமல்தான் நான் விளக்குக் கேட்டு நிற்கிறேன். வருடக் காசு முழுவதையும் ஜனவரி 31 க்கு முன் கட்டினால் நூற்றுக்குப் பத்து கழிவு என்றும் சொன்னார். வீட்டில் யாருக்கும் அது தெரியாது. வெளிநாட்டுக் காசில் மாடி கட்டினவர்களும் மதிலில் சிங்கம் வைத்தவர்களும் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் ஒழுங்காகக் கட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

சபையின் பணப்பெட்டிக்குள் என்ன விழுகிறது என்று அன்றைக்குத்தான் கொஞ்சம் விளங்கியது. எங்கள் வரி ஒரு பக்கம், சந்தைக் குத்தகை ஒரு பக்கம். ஊருக்குள் ஒரு காணி கைமாறினால் உறுதிக்குக் கட்டுகிற முத்திரை வரியும், நீதிமன்றத்தில் அறவிடுகிற தண்டப் பணமும் மாகாணம் வழியாகச் சபைக்கு வர வேண்டியவை. ஆட்களின் சம்பளத்துக்கு மாகாணத்திலிருந்து காசு வருகிறது. அதாவது ஹெல்மெட் போடாமல் பிடிபட்டுக் கோட்டில் தண்டம் கட்டுகிற என் மச்சான், சோலை வரி ஒழுங்காகக் கட்டாத என்னைவிட ஊருக்குக் கூடுதலாக உதவியிருக்கக் கூடும்.

"லைற் எங்கடதான், செய்வம். ஆனா ஆள் ஒராள், போஸ்ற் கனக்க" என்றார் அவர். நான் விடவில்லை. அப்படியே முடக்கில் தண்ணீர் நிற்பதையும் சொன்னேன். அப்போதுதான் அந்த வசனத்தை முதல் முறை கேட்டேன்.

"அந்த மதகோ? அது எங்கட றோட்டு இல்லை, அண்ணை."

இதை ஒரு சாட்டு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். சாட்டு இல்லை. கண்டி வீதி, காங்கேசன்துறை வீதி மாதிரியானவை வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. அதற்கு அடுத்த தரத்து றோட்டுகள் மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்சமிருக்கிற சின்ன றோட்டுகளும் ஒழுங்கைகளும்தான் சபைக்கு. எங்கள் ஒழுங்கை சபையினது, அது போய் ஏறுகிற றோட்டு மாகாணத்தினது, அந்த றோட்டுக்குக் கீழே இருக்கிற மதகும் மாகாணத்தினது. தண்ணீருக்கு இது தெரியாது. அது ஒழுங்கையில் சபையின் தண்ணீராக ஓடிவந்து மதகடியில் மாகாணத்தின் தண்ணீராக நிற்கும். இடையில் குடிநீர்க் குழாய் புதைக்க வந்தவர்கள் கிண்டிவிட்டுப் போன கிடங்கு ஒன்று, அது மூன்றாவது ஆட்களின் கணக்கு. எல்லாரும் அந்தக் கிடங்கில் விழுந்துவிட்டுப் பேசியது மட்டும் பிரதேச சபையை.

விளக்கு வரும்வரை சும்மா இருப்பானேன் என்று ஊர்க்காரர் ஒருவர் கனடாவிலிருந்து சூரிய சக்தி விளக்கு ஒன்று அனுப்பினார். தாய் தகப்பன் நினைவாக, பெயர் எழுதிய தகட்டோடு, வாசிகசாலைப் பெடியள் கம்பி நட்டுப் பூட்டினார்கள். எட்டு மாதம் நிலவு மாதிரி எரிந்தது. பிறகு பற்றரி செத்தது. மாற்றுவது யார்? சபையைக் கேட்டால் அது அவர்கள் போட்டதில்லை, கனடாக்காரரைக் கேட்டால் அவர் தந்துவிட்டார். தகடு மட்டும் இன்னும் பளபளப்பாக இருக்கிறது. குறை சொல்லவில்லை, அந்த எட்டு மாதம் பிள்ளைகள் பயமில்லாமல் வந்தார்கள். ஆனால் பல்ப் மாற்றுவதுதான் சபை என்பதன் முழு அர்த்தம் என்று அந்தத் தகட்டைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். பூட்டுவதற்கு ஆயிரம் பேர் வருவார்கள்.

அந்தக் காலத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 2018 பெப்ரவரியில் நாங்கள் தெரிவு செய்த சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்துவிட்டது. அதே மாதம் 9 ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தல் காசில்லை என்று நடக்கவில்லை. அதை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்புச் சொன்னது, தேர்தல் நடந்ததென்னவோ 2025 மே 6 இல். வடமாகாண சபையின் காலமோ 2018 ஒக்டோபரிலேயே முடிந்து, ஆளுநரோடு நடக்கிறது. எண்ணிப் பாருங்கள், இரண்டு வருடத்துக்கு மேல் யாழ்ப்பாணத்தில் பாராளுமன்ற உறுப்பினருக்குக் கீழே நாங்கள் தெரிவு செய்த ஆள் என்று ஒருவர்கூட இல்லை. பாராளுமன்ற உறுப்பினரிடம் போய் முடக்கு விளக்கைச் சொல்ல முடியுமா? சொன்னவர்களும் உண்டு.

வேலை நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். செயலாளர் இருந்தார், உத்தியோகத்தர்கள் இருந்தார்கள், குப்பை ரக்ரர் செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் வந்தது. சண்டை சச்சரவு இல்லாமல் பாதீடு, அதாவது வருட வரவு செலவுத் திட்டம், போனது. மெம்பர்மார் இல்லாததே நல்லது என்று வாசிகசாலையில் உதயன் பேப்பரை விரித்துக்கொண்டு சொன்ன பெரியவர்களை நான் அறிவேன். அவர்களுக்குக் காரணமும் இருந்தது. 2018 சபைகளில் பலதில் ஒரு கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. பாதீடு இரண்டு முறை தோற்றால் சபையின் தலைவரான தவிசாளருக்குக் கதிரை போய்விடும் என்கிற சட்டம் வேறு. ஒவ்வொரு மார்கழியும் தவிசாளர் தேடுவது றோட்டையா வாக்கையா என்று தெரியாமல் கிடந்தது.

ஆனால் செயலாளரைச் சந்தியில் மறித்து நிற்க முடியாது. அவருக்கு ஊர் வேறு. அவர் வீட்டுக் கலியாணத்துக்கு நாங்கள் போவதில்லை, எங்கள் வீட்டுச் செத்தவீட்டுக்கு அவர் வருவதில்லை. மெம்பர் எவ்வளவு உதவாதவராக இருந்தாலும் பின்னேரம் பாண் வாங்க அதே பேக்கரிக்குத்தான் வர வேண்டும், நாங்களும் அங்கேதான் நிற்போம்.

விளக்கு 2024 மாசியில் எரிந்தது. யார் வந்து எப்போது மாற்றினார்கள் என்று யாரும் காணவில்லை. எரிகிறது என்று நாங்கள் கவனித்ததே மூன்று நாள் கழித்து. நன்றி என்று ஒரு கடிதம் எழுதலாம் என்று நினைத்தேன், எழுதவில்லை.

அந்த வருட நவம்பர் கடைசியில் மழை வந்தது. மறந்திருக்க மாட்டீர்கள், உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்தினார்கள். எங்கள் ஒழுங்கையில் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, வாசிகசாலைத் திண்ணையில் ஏறியது, அலுமாரியின் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஊறிப் பாண் மாதிரி உப்பின. யாழ்ப்பாணத்தில் வெள்ளம் என்றால் பயம் வீட்டைப் பற்றியதில்லை, கிணற்றைப் பற்றியது. எங்களுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்குகிற மழைத் தண்ணீரைத்தான் அள்ளிக் குடிக்கிறோம், அதே கல்லுக்குள்தான் மலக்குழியும் வெட்டியிருக்கிறோம். வெள்ளம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். சந்தியில் வைத்த கறுப்புத் தாங்கிக்குச் சபையின் பவுசர் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது. பவுசர் ஓடியவர் மழையில் நனைந்தபடி ஒரு நாளில் எத்தனை தரம் வந்தார் என்று அம்மா எண்ணி வைத்திருந்தார். அந்த ஆளின் பெயர் அம்மாவுக்குத் தெரியும், செயலாளரின் பெயர் தெரியாது.

வெள்ளம் வடியும்போதுதான் ஒரு கேள்வி வந்தது. முந்தி இவ்வளவு நிற்கவில்லையே? அப்பா சொன்னார், ஒழுங்கையின் இடதுபக்கத்தில் ஒரு வெள்ளவாய்க்கால் இருந்ததாம், சின்னனில் அதில் கடதாசிக் கப்பல் விட்டாராம். வாய்க்காலைக் காணவில்லை. சபையில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட்டேன், ஒழுங்கையின் அகலம் பதிவில் எவ்வளவு என்று. பதினான்கு வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம், பன்னிரண்டாம் நாள் வந்தது. பதினைந்து அடி, வாய்க்கால் உட்பட. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடாவைப் பிடித்து அளந்தேன். ஓரிடத்தில் பதின்மூன்று, ஓரிடத்தில் பன்னிரண்டரை. வேலி கதியாலாக இருந்த காலத்தில் வாய்க்காலுக்கு வழி விட்டு நின்றது, மதிலாக மாறும்போது ஒவ்வொரு வீடும் அரை அடி, ஒரு அடி என்று முன்னுக்கு வந்திருக்கிறது. ஆகக் குறைந்த இடம் எது என்று பார்த்தால் எங்கள் வாசல். 2016 இல் கேற் மாற்றும்போது, மோட்டார் சைக்கிள் ஏற வசதியாக, வாய்க்காலுக்கு மேலே சீமெந்துச் சிலாப் போட்டது நான். குழாய் வைத்துப் போடச் சொன்ன மேசனிடம், "இதுக்குள்ள எங்க அண்ணை தண்ணி ஓடுது" என்று கேட்டதும் நான்தான்.

அளந்ததை ஒரு கிழமை யாரிடமும் சொல்லவில்லை.

2025 தேர்தலில் எங்கள் வட்டாரத்தில் நின்றவர்களில் ஒரு பெண் பிள்ளை, முன்பள்ளி ஆசிரியை, வாசிகசாலையோடு இருக்கிற முன்பள்ளியில் படிப்பிப்பவர். சபை உறுப்பினர்களில் நாலில் ஒரு பங்கு பெண்கள் என்ற ஒதுக்கீடு இல்லாவிட்டால் அவரை ஒரு கட்சியும் கேட்டிருக்காது. ஊருக்குள் ஒரு முணுமுணுப்பு இருந்தது. பெண் என்பதில் பாதி, எந்தப் பக்கத்து ஒழுங்கை என்பதில் மீதி. இதை மூடி எழுதி என்ன பிரயோசனம்? கோயில் சபை இன்னாருக்கு, பாடசாலைச் சங்கம் இன்னாருக்கு என்று எழுதாத சட்டம் உள்ள ஊர்கள் எங்களுடையவை. சுடலைக்குக்கூட எல்லை பிரித்தவர்கள் நாங்கள். ஆருடைய பிள்ளை என்று கேளாமல் உட்கார விடுகிற கதிரை ஊருக்குள் பிரதேச சபைக் கதிரைதான். 'சபைக்குப் போறவனெல்லாம் ஆள்களே' என்று பெரிய மனிதர்கள் இளக்காரமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இன்னொரு காரணம் பயம். இந்த நகரத்தின் மேயர்கள் மூன்று பேர் பதவியில் இருக்கும்போது கொல்லப்பட்டார்கள். 1975 இல் அல்பிரட் துரையப்பா, 1998 இல் சரோஜினி யோகேஸ்வரன், அதே வருடம் அவருக்குப் பின் வந்த பொன் சிவபாலன். அதற்குப் பிறகு பிள்ளைக்குச் சபையில் ஆசனம் வேண்டும் என்று எந்தத் தாய் நேர்த்தி வைப்பாள்?

அந்தப் பிள்ளை வென்றது. முதல் மாதமே ஒழுங்கைக்கு வந்து, தொழில்நுட்ப உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு, வாய்க்காலை அளக்கத் தொடங்கினார். நாடாவின் மற்றப் பக்கத்தைப் பிடித்தது நான். எங்கள் வாசலுக்கு வந்ததும் நின்றார். என் மகனுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவர், நேரே சொல்லக் கூச்சம். "அண்ணை, இதில..." என்றார்.

"ஓம் பிள்ளை, என்ரைதான்" என்றேன்.

முன்வீட்டுச் சித்தப்பா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நான் உடைத்தால் அவரும் உடைக்க வேண்டும், அவருடையது டைல்ஸ் பதித்தது. கடைசியில் வாசிகசாலைப் பெடியள் ஒரு சனிக்கிழமை சிரமதானம் வைத்தார்கள், சபை ஒரு ஜேசிபி தந்தது, டீசல் காசு நாங்கள் சேர்த்தோம். எங்கள் சிலாப் இரண்டு அடியில் உடைந்தது. அதற்குக் கீழே இருந்த மண்ணில் ஒரு முழு ஒழுங்கையின் பத்து வருடம் கிடந்தது, சொப்பிங் பை, யோக்கட் கோப்பை, ஒரு ஒற்றைச் செருப்பு, கடைசியில் அப்பா சொன்ன வாய்க்காலின் பழைய கல்லுக்கட்டு. சித்தப்பா வாசலில் நின்று பார்த்தார். பிறகு, "என்ரை டைல்ஸைக் கழட்டிப்போட்டு உடையுங்கோ" என்றார். ஏழு வீடு உடைந்தது. மூன்று வீடு இன்னும் உடையவில்லை. அதில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது, சொந்தக்காரர் லண்டனில், வட்ஸ்அப்பில் ஒரு கும்பிட்ட கை அனுப்பினார், அவ்வளவுதான்.

இப்போது வாசலில் இரண்டு பனங்குத்தி போட்டிருக்கிறோம். மோட்டார் சைக்கிளை ஏற்றும்போதெல்லாம் அம்மா வந்து நின்று பார்க்கிறார், விழுந்துவிடுவேன் என்று.

மாரியில் முதல் பெருமழை பெய்த இரவு, ஒழுங்கைத் தண்ணீர் வாய்க்காலுக்குள் இறங்கி ஓடுகிற சத்தம் அறைக்குள் கேட்டது. எழும்பிக் குடையோடு பார்க்கப் போனேன். எங்கள் பக்கம் சுத்தம். விளக்கு எரிந்தது. அதன் வெளிச்சத்தில் பார்த்தால் மதகடியில் தண்ணீர் நின்றது, மதகு வாயில் வாழைக்குற்றியும் குப்பையும் அடைத்து றோட்டுக்கு மேலே ஏறப் பார்த்தது. ஒன்பதரை மணி இருக்கும். மெம்பருக்கு எடுத்தேன்.

"அண்ணை, மதகு எங்கட றோட்டில்லையே, அது மாகாணத்தின்ரை" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மழைச் சத்தம் மட்டும் இரண்டு பக்கமும்.

"சரி நில்லுங்கோ, வாறன்."

பத்து நிமிடத்தில் புருசனின் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார், மழைக்கோட்டுக்கு மேலே பை ஒன்று, கையில் மண்வெட்டி.